பிபிசி மைக்ரோ மாடல் பி: மோடத்துக்கு ஏடி அனுப்பினால் பதிலே இல்லை

தூசுதட்டி

வணக்கம். ஏக்கார்ன் தயாரித்த 1980களின் பிரிட்டிஷ் கணினி, பிபிசி மைக்ரோ மாடல் பி ஒன்று கைக்கு வந்திருக்கிறது. 1984இல் தொடங்கிய கிளாஸ் என்ற கணினிக் கல்வித் திட்டத்தில் நம் ஊர்ப் பள்ளிகளுக்குக் கொடுத்தார்களே, அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. பள்ளி ஏலத்தில் எடுத்த ஒரு காயலான் கடைக்காரரிடமிருந்து வாங்கினேன். பவர் சப்ளைக்குள் புகை விடும் அந்தப் பழைய கெப்பாசிட்டர்களை எனக்கு முன்னாலேயே யாரோ மாற்றியிருக்கிறார்கள். ஆன் செய்தால் பீப் அடிக்கிறது, 32கே என்று காட்டுகிறது, பேசிக் வருகிறது. டிவியில் படம் துல்லியம்.

பிரச்சினை மோடம். என்னிடம் 25 பின் சாக்கெட் உள்ள 56கே வெளிமோடம் (போன் லைன் வழியே கணினியைப் பேசவைக்கும் பெட்டி) இருக்கிறது. பெட்டியோடு வந்த கேபிளில் ஒரு பக்கம் ஐந்து முள் டின் பிளக், மறுபக்கம் 25 பின். சீரியல் வேகத்தை அமைக்கும் *எஃப்எக்ஸ் 7,7, *எஃப்எக்ஸ் 8,7 கட்டளைகளைக் கொடுத்து இரு திசையிலும் நொடிக்கு 9600 பிட் வைத்தேன். அடிப்பது சீரியலுக்கும் போகும்படி *எஃப்எக்ஸ் 3,1 கொடுத்து, மோடத்தைக் கூப்பிடும் ஏடி கட்டளையை அடித்தேன். ஓகே வரவில்லை. கணினி தரவு அனுப்பினால் மினுங்கவேண்டிய எஸ்டி விளக்கு மோடத்தில் மினுங்கக்கூட இல்லை. இன்னொன்று: அப்படியே புரோகிராமைக் காட்டும் லிஸ்ட் கட்டளை கொடுத்தால் ஐந்து வரி மாதிரி ஓடிவிட்டுக் கணினி உறைந்துவிடுகிறது. பிரேக் அடித்தால்தான் மீள்கிறது. போர்டு போய்விட்டதா?

ஓரமாய்ஒருவன்

மலிவாக வைஃபை மோடம் கிடைக்கும் காலத்தில் இதெல்லாம் எதற்கு? ஈஎஸ்பி8266 என்ற வைஃபை சிப் உள்ள போர்டு ஒன்றை வாங்கி மாட்டுங்கள், வேலை முடிந்தது.

6502ராசா

வைஃபை மோடத்தையும் அதே சாக்கெட்டில்தானே மாட்டவேண்டும்? சாக்கெட் பேசாதபோது எதை மாட்டினாலும் ஊமைதான். அதோடு ஈஎஸ்பி8266 3.3 வோல்ட் ஆசாமி. பிபிசியின் சீரியல் சாக்கெட்டான ஆர்எஸ்423 முனை பிளஸ் ஐந்துக்கும் மைனஸ் ஐந்துக்கும் இடையே ஆடுவது. நடுவில் மேக்ஸ்3232 மாதிரி ஒரு சிப் இல்லாமல் நேரே மாட்டினால் போர்டு செத்துப்போகும்.

தூசுதட்டி, உங்கள் ஐந்து வரியில்தான் துப்பு இருக்கிறது. ஆர்எஸ்423 வெளியேறும் பஃபர், அதாவது வெளியே போகும் எழுத்துகள் காத்திருக்கும் இடம், 192 பைட். டெலிடெக்ஸ்ட் திரை முறையான மோட் 7இல் ஒரு வரிக்கு 40 எழுத்து. ஐந்து வரிக்குச் சற்றுக் குறைவாகவே அது நிரம்பிவிடும். நிரம்பியதும் இயங்குதளம் இடம் காலியாகட்டும் என்று காத்திருக்கும். நீங்கள் அதை 'உறைந்துவிட்டது' என்கிறீர்கள். ஆக ஒரு பைட்கூட வெளியே போகவில்லை. சீரியல் தரவை அனுப்பிப் பெறும் 6850 சிப்புக்கு, 'அனுப்பலாம்' என்று சொல்லும் சிடிஎஸ் முனையில் அனுமதி வராதவரை அது அனுப்பவே அனுப்பாது. போர்டு போகவில்லை, அனுமதிக்குக் காத்திருக்கிறது.

கேபிளைக் கழற்றி மல்டிமீட்டரில் தொடர்ச்சி பாருங்கள். எத்தனை கம்பி இரண்டு முனைக்கும் ஓடுகிறது?

பழையவயர்

தம்பி, அதற்கு முன்னம் ஒரு விஷயம். அந்த டின் பிளக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தீரோ? அது சாதாரண ஐந்து முள் டின் இல்லை. பகடையில் ஐந்து புள்ளி விழுந்தது போல நாலு மூலையும் ஒரு நடுவும். தலைகீழாகவும் அப்படியே உள்ளே போய்விடும். நடு முள் தரைக்கம்பி, அதனாலே அது எப்பிடிப் போட்டாலும் சரியாய் இருக்கும். மற்ற நாலும் இடம் மாறிவிடும். ஒன்றும் கருகாது, வேலையும் செய்யாது. நான் லண்டனில் 80களில் இதே மெஷினில் பிரெஸ்டெல், மைக்ரோநெட் 800 என்ற போன்வழித் தகவல் சேவைகள் எல்லாம் பாவித்தவன். அப்பவே பிளக்கின் மேல்பக்கம் வெள்ளைப் பெயின்டில் ஒரு பொட்டு வைப்போம்.

தூசுதட்டி

ஐயா, திருப்பிப் போட்டும் பார்த்தேன், மாற்றமில்லை. ராசா அண்ணே, நீங்கள் சொன்ன மாதிரி பார்த்தேன். மூன்று கம்பிதான் ஓடுகிறது: போகும் தரவு, வரும் தரவு, தரை. அனுமதி கேட்கும், கொடுக்கும் கம்பிகளான சிடிஎஸ், ஆர்டிஎஸ் இரண்டும் பிளக்குக்குள்ளேயே வெறுமனே நிற்கின்றன.

6502ராசா

அப்போது அந்தக் கேபிள் மோடத்துக்காகச் செய்தது இல்லை. எதற்குச் செய்தார்களோ. இரண்டு வழி இருக்கிறது. நல்ல வழி, மீதி இரண்டு கம்பியையும் இழுப்பது: பிபிசியின் ஆர்டிஎஸ் மோடத்தின் 4ஆம் பின்னுக்கு, மோடத்தின் 5ஆம் பின் பிபிசியின் சிடிஎஸ்ஸுக்கு. மோடம் பக்கம் 2 நாம் அனுப்பும் தரவு, 3 நமக்கு வரும் தரவு, 7 தரை. மோடத்துக்கு எல்லாம் நேர்க்கம்பி, குறுக்குக் கம்பி கூடாது. அவசர வழி, டின் பிளக்குக்குள்ளேயே ஆர்டிஎஸ்ஸையும் சிடிஎஸ்ஸையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடுவது. பிபிசி தனக்குத்தானே அனுமதி கொடுத்துக்கொள்ளும். சோதனைக்கு அது போதும்.

ஈயப்பற்று

முதலில் அவசர வழியையே செய்யுங்கள், ஆனால் மோடத்தைத் தொடாதீர்கள். மோடம், போன் லைன், கேபிள், கணினி நான்கையும் சேர்த்து வைத்துக்கொண்டு எது கெட்டது என்று யோசிப்பதில் அர்த்தமில்லை. கணினியிலிருந்து வெளிப்பக்கமாக ஒவ்வோர் அடியாகப் போங்கள்.

ஆர்டிஎஸ், சிடிஎஸ் இணைத்தபின் அனுப்பும் முனையையும் பெறும் முனையையும் ஒன்றோடொன்று இணையுங்கள். பிறகு *எஃப்எக்ஸ் 2,2 கொடுங்கள். கீபோர்ட் உங்கள் கையில் இருக்கும், ஆர்எஸ்423 பின்னணியில் கேட்டுக்கொண்டிருக்கும். 2,1 கொடுத்துவிடாதீர்கள், கீபோர்ட் செத்துவிட்டது என்று பயந்துபோவீர்கள். அப்புறம் *எஃப்எக்ஸ் 21,1 கொடுத்து வரும் பஃபரைக் காலி செய்து, *எஃப்எக்ஸ் 3,1, அடுத்த வரியில் *எஃப்எக்ஸ் 3,0. இந்த இரண்டாவது கட்டளையை அடிக்கும் எழுத்துகளே வெளியே போய்ச் சுற்றித் திரும்பி வந்துவிடும், தனியாக எதுவும் அடிக்க வேண்டாம். கடைசியாக பிரின்ட் அட்வால்(-2). வரும் பஃபரில் எத்தனை எழுத்து காத்திருக்கிறது என்று சொல்லும். பூஜ்யம் வந்தால் கணினிப் பக்கம் கோளாறு. எண் வந்தால் கணினியை விட்டுவிட்டு வெளியே தேடலாம்.

தூசுதட்டி

செய்தேன் அக்கா. உறைவது நின்றுவிட்டது, லிஸ்ட் முழுவதும் ஓடுகிறது. ஆனால் அட்வால்(-2) பூஜ்யம்தான் காட்டுகிறது. எப்போதாவது ஒன்றிரண்டு என்று காட்டுகிறது, அதை எடுத்துப் பார்த்தால் குப்பை.

ஓரமாய்ஒருவன்

டேப் இன்டர்ஃபேஸோடு சண்டையாக இருக்குமோ? ஒரே சிப்தான் கேசட்டுக்கும் சீரியலுக்கும் என்று எங்கோ படித்தேன்.

6502ராசா

பரவாயில்லை, நல்ல கேள்வி. ஆமாம், 6850உம் அதன் பக்கத்தில் இருக்கும் சீரியல் யூஎல்ஏவும் இரண்டுக்கும் பொதுவானவை. கேசட்டிலிருந்து ஏற்றிக்கொண்டிருக்கும்போது ஆர்எஸ்423 கிடைக்காது. ஆனால் இங்கே கேசட் எதுவும் ஓடவில்லை. அதில் நமக்கு ஒரு லாபமும் உண்டு. தூசுதட்டி, கேசட் பிளேயர் இருக்கிறதா? ஒரு சின்ன புரோகிராமை சேவ் செய்து திரும்ப ஏற்றிப் பாருங்கள். ஏறினால் 6850, யூஎல்ஏ இரண்டும் அனேகமாக நலம். மிச்சம் இருப்பது, சாக்கெட்டுக்கு முன்னால் இருக்கும், சிக்னலை வெளியே தள்ளும் ஓட்டி சிப்பும் உள்ளே எடுக்கும் வாங்கி சிப்பும்தான்.

தூசுதட்டி

அப்பாவின் பழைய டேப் ரெக்கார்டரைத் தேடிப்பிடித்தேன். சேவ், லோட் இரண்டும் சரியாக நடக்கிறது.

ஈயப்பற்று

அப்படியானால் வோல்ட் பார்ப்போம். டிசி 20 வோல்ட் அளவில் மீட்டரை வையுங்கள். கருப்பு முனை நடு முள்ளில், சிவப்பு முனை அனுப்பும் முள்ளில். எதுவும் அனுப்பாமல் சும்மா இருக்கும்போது அந்த முனை எதிர்மறையில் இருக்கவேண்டும், மைனஸ் ஐந்தை ஒட்டி. *எஃப்எக்ஸ் 2,2 கொடுத்ததும் ஆர்டிஎஸ் முனை நேர்மறைக்கு வரவேண்டும்.

தூசுதட்டி

ஆர்டிஎஸ் நேர்மறைக்கு வருகிறது. அனுப்பும் முனை சும்மா இருக்கும்போதும் ஒரு வோல்ட்டுக்கு மேலே நேர்மறையில் தவழ்கிறது. எதிர்மறைப் பக்கம் போகவே இல்லை.

ஈயப்பற்று

பிடித்துவிட்டோம். மைனஸ் ஐந்து வோல்ட் போர்டுக்கு வரவில்லை. பிபிசியின் பவர் சப்ளையிலிருந்து சிவப்புக் கம்பிகள் பிளஸ் ஐந்து, கருப்பு தரை, ஊதா நிறத்தில் ஒற்றைக் கம்பி மைனஸ் ஐந்து. ஆர்எஸ்423 ஓட்டி சிப்புக்கு அந்த ஊதா தேவை. அது இல்லாவிட்டாலும் கணினி பேசிக் வரை எழுந்து உட்காரும், விளையாட்டும் ஓடும், யாருக்கும் சந்தேகமே வராது. பவர் சப்ளையை யாரோ ஏற்கெனவே பிரித்து வேலை பார்த்தார்கள் என்றீர்களே, அப்போதே எனக்கு அந்தக் கம்பிமேல் ஒரு கண்.

பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு மூடியைத் திறங்கள். பவர் சப்ளைப் பெட்டியைத் திறக்க வேண்டாம். அதற்குள் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் ஆளை அடிக்கும் கெப்பாசிட்டர் இருக்கும். போர்டில் ஊதா ஸ்பேட் முனை சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

6502ராசா

இதில் ஒரு குழப்பம் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆர்எஸ்232 கணக்குப்படி மைனஸ் மூன்றுக்கும் பிளஸ் மூன்றுக்கும் நடுவில் வருவது எதுவுமே செல்லாது. ஆனால் பல யூஎஸ்பி சீரியல் கேபிள்கள் பூஜ்யத்தையே எதிர்மறையாக எடுத்துக்கொண்டு வேலை செய்துவிடும். 'மைனஸ் ஐந்து இல்லாமலே என் பிபிசி பேசுகிறதே' என்று யாராவது வந்து சொன்னால் அதற்குக் காரணம் இதுதான். அவர்கள் மறுமுனையின் தாராள மனசில் பிழைக்கிறார்கள்.

தூசுதட்டி

அக்கா, ஊதா முனை போர்டில் மாட்டப்பட்ட மாதிரி தெரிந்தது, ஆனால் தொட்டதும் கழன்று வந்துவிட்டது. ஸ்பேடின் வாய் விரிந்திருந்தது. குறட்டால் லேசாக நெருக்கி மறுபடி ஏற்றினேன். இப்போது அனுப்பும் முனை −5.1. சுற்றுச் சோதனையில் அட்வால்(-2) எண் காட்டுகிறது. ஐந்து கம்பி கேபிளும் செய்துவிட்டேன். மோடத்தில் எஸ்டி விளக்கு மினுங்குகிறது!

ஆனால் மோடம் என்ன பதில் சொல்கிறது என்று படிப்பது எப்படி? 2,1 கொடுத்தால் நான் ஒன்றும் அடிக்க முடிவதில்லை.

பழையவயர்

அதுக்குத்தான் அந்தக் காலத்தில் டெர்மினல் ரோம், அதாவது மறுமுனையோடு பேசும் மென்பொருள் உள்ள சிப், போடுவோம். காம்ஸ்டார் ரோம் கிடைத்தால் அந்தத் தலையிடி இல்லை. ரோம் சாக்கெட்டில் செருகிவிட்டால் சாதாரண டெர்மினலும், பிரெஸ்டெல் மாதிரிப் பக்கங்களைக் காட்டும் வியூடேட்டாவும் இரண்டும் வரும்.

6502ராசா

ரோம் வரும்வரை பேசிக்கில் நாலு வரி போதும். அட்வால்(-2) பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் *எஃப்எக்ஸ் 2,1 கொடுத்து ஓர் எழுத்தை கெட் மூலம் எடுத்துத் திரையில் போடுங்கள். இல்லாவிட்டால் *எஃப்எக்ஸ் 2,2 கொடுத்து இன்கீ(0) வைத்துக் கீபோர்டைப் பாருங்கள். எழுத்து வந்திருந்தால் *எஃப்எக்ஸ் 3,3 கொடுத்து அனுப்பிவிட்டு மறுபடி 3,0. மூன்று என்றால் சீரியலுக்குப் போகும், திரையில் விழாது. இதை ஒரு ரிப்பீட் வளையத்தில் போட்டுவிடுங்கள். 300க்கு நன்றாக ஓடும், 1200க்குச் சமாளிக்கும். 9600க்கு பேசிக் மூச்சு வாங்கும்.

தூசுதட்டி

ஓகே வந்துவிட்டது! 1200இல். இந்தக் கணினி பள்ளியைவிட்டு வந்தபின் வெளியே ஒருவரிடம் பேசியது இதுதான் முதல்முறை என்று நினைக்கிறேன். ஆனால் அடிக்கும் எழுத்து எல்லாம் இரண்டிரண்டாக விழுகிறது: ஏஏ டிடி. இன்னொன்று, சில சமயம் ஏடிக்கு ஓகே வராமல் சும்மா இருக்கிறது.

ஈயப்பற்று

இரட்டைக்கு, மோடமும் எதிரொலிக்கிறது, உங்கள் புரோகிராமும் திரையில் போடுகிறது (3,3க்குப் பதில் 3,1 கொடுத்திருப்பீர்கள்). ஒன்றை நிறுத்துங்கள். ஏடிஇ0 கொடுத்தால் மோடம் எதிரொலிப்பதை விட்டுவிடும்.

சும்மா இருப்பதற்கு, ஹேய்ஸ் வகை மோடம், அதாவது ஏடி கட்டளைகளைக் கேட்கும் மோடம், உங்கள் வேகத்தை அந்த ஏ, டி இரண்டு எழுத்துகளை வைத்துத்தான் கணிக்கிறது. இரண்டும் பெரிய எழுத்தாகவோ இரண்டும் சிறிய எழுத்தாகவோ இருக்கவேண்டும். ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்றால் கண்டுகொள்ளாது. ஷிஃப்ட் விரலை எடுப்பதில் தாமதம் ஆகிறதோ என்னவோ, கேப்ஸ் லாக் போட்டுவிட்டே அடியுங்கள்.

மூன்றாவது, நீங்கள் இன்னும் கேட்காதது. பிபிசியின் சாக்கெட்டில் டிடிஆர் முனையே கிடையாது. கணினி இருப்பது டிடிஆர் மூலம் தெரிந்தால்தான் லைனைப் பிடித்திருப்பேன் என்று பல மோடம்கள் நினைக்கும். ஏடி&டி0 கொடுங்கள், அல்லது மோடத்தின் டிப் சுவிட்சில் டிடிஆரைப் புறக்கணிக்கும்படி வையுங்கள்.

தூசுதட்டி

மூன்றும் சரியாகிவிட்டது. இப்போது டயல் செய்கிறது, மறுமுனையில் நண்பன் வீட்டு மோடம் எடுக்கிறது, கீச் கீச் என்று இரண்டும் கத்துகின்றன, கொஞ்ச நேரத்தில் நோ கேரியர், அதாவது இணைப்பு போய்விட்டது என்று வருகிறது. என் வீட்டில் போன் ஃபைபர் பெட்டியிலிருந்து வருகிறது.

6502ராசா

ஃபைபர் பெட்டியில் உங்கள் குரல் சின்னச் சின்னப் பொட்டலமாக வெட்டப்பட்டுப் போகிறது. பேச்சுக்கு அது போதும். மோடத்துக்கு இடையில் ஒரு பொட்டலம் தாமதமானாலே பிடி விட்டுவிடும். இரண்டு முனையையும் 1200 அல்லது 300க்கு இறக்கிப் பூட்டினால் சில சமயம் நிற்கும். வேகம் குறைவான பழைய முறைகள் இந்தத் தொல்லையை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஆனால் அதில் நேரத்தைச் செலவழிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஓரமாய்ஒருவன்

நான் முதலிலேயே சொன்னேன் :)

6502ராசா

சொன்னீர்கள். இப்போதுதான் அதற்கு நேரம் வந்திருக்கிறது.

ஈயப்பற்று

வீட்டில் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி இருந்தால் வைஃபை மோடம்கூட வாங்க வேண்டாம். யூஎஸ்பி சீரியல் கேபிள் ஒன்று, பையில் டிசிபிசெர் என்ற புரோகிராம். அது ஹேய்ஸ் மோடம் மாதிரி நடிக்கும். நீங்கள் ஏடிடிடி கொடுத்து எண்ணுக்குப் பதில் இணைய முகவரி அடித்தால் டெல்நெட்டில் இணைத்துவிடும். ஒன்று மட்டும் கவனம். பையும் பிபிசியும் இரண்டும் கணினிகள். இங்கேதான் குறுக்குக் கம்பி வேண்டும்: அனுப்புவது பெறுவதற்கு, ஆர்டிஎஸ் சிடிஎஸ்ஸுக்கு.

தூசுதட்டி

பை வைத்து இணைந்துவிட்டேன், காம்ஸ்டார் ரோமும் போட்டுவிட்டேன். ஆனால் திரையில் விசித்திரம். மோட் 7இல் எழுத்துகள் எல்லாம் சரியாக வருகின்றன. வரி முடிந்தால் இடது ஓரத்துக்குத் திரும்பாமல் படிக்கட்டு மாதிரி இறங்கிக்கொண்டே போகிறது. சில எழுத்துகள் மேல்பாதி மட்டும் பெரிதாக நீண்டு நிற்கின்றன. வியூடேட்டா பற்றிய ஒரு பழைய குறிப்பைப் பார்த்து பை பக்கம் 7 பிட், ஈவன் பாரிட்டி என்று வைத்திருக்கிறேன்.

6502ராசா

ஆஹா, இது அருமையான கேஸ். நீங்கள் 7 பிட்டும் பாரிட்டியும் அனுப்புகிறீர்கள், பிபிசி வழக்கப்படி 8 பிட், பாரிட்டி இல்லை என்று படிக்கிறது. ஆகவே பிழை கண்டுபிடிக்கச் சேர்க்கும் பாரிட்டி பிட் எழுத்தின் எட்டாவது பிட்டாக ஒட்டிக்கொள்கிறது. மற்ற மோடாக இருந்தால் சி, இ, எஃப் மாதிரி ஒற்றைப்படை பிட் உள்ள எழுத்தெல்லாம் குப்பையாகியிருக்கும், ஏ, பி, டி நன்றாக வந்திருக்கும். அதை வைத்தே பாரிட்டி என்று சொல்லிவிடலாம். மோட் 7இல் டெலிடெக்ஸ்ட் சிப் எஸ்ஏஏ5050 ஏழு பிட்டைத்தான் பார்க்கிறது. அதனால் எழுத்துகள் தப்பித்துவிட்டன. ஆனால் வரி முடிவுக்கு வரும் 13இல் மூன்று பிட். எட்டாவது பிட்டும் சேர்ந்தால் 141 ஆகிவிடும். மோட் 7இல் 141 என்றால் இரட்டை உயரம்! வரி திரும்பவேண்டிய இடத்தில் எழுத்து நெடுநெடுவென்று வளர்கிறது. 10இல் இரண்டே பிட், அது பிழைத்துக்கொண்டது. அதனால்தான் வரி இறங்குகிறது, இடது பக்கம் மட்டும் வரமாட்டேன் என்கிறது.

பிபிசிப் பக்கம் மாற்ற *எஃப்எக்ஸ் 156,8,227. இது 7 பிட், ஈவன் பாரிட்டி, ஒரு ஸ்டாப் பிட். பழைய நிலைக்கு *எஃப்எக்ஸ் 156,20,227. அல்லது பை பக்கமே 8 பிட், பாரிட்டி இல்லை என்று வைத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் ஒத்துப்போனால் போதும்.

பழையவயர்

ஓம், பிரெஸ்டெல்லில் 7 பிட்தான், ஈவன் பாரிட்டி. வேகம் இன்னும் வேடிக்கை. எங்களுக்கு வருவது 1200, நாங்கள் அனுப்புவது 75. *எஃப்எக்ஸ் 7,4, *எஃப்எக்ஸ் 8,1. பிபிசி இரண்டையும் தனித்தனியே வைக்கவிடும், அதுதான் அந்த மெஷினின் அழகு. மைக்ரோநெட்டை 1991இல் மூடிவிட்டார்கள். இப்ப டெல்ஸ்டார் என்று ஒன்று இணையத்தில் அதே முகத்தோடு ஓடுகிறது, அங்கே போய்ப் பாரும் தம்பி.

தூசுதட்டி

பை பக்கம் 8 பிட்டாக மாற்றினேன், படிக்கட்டு போய்விட்டது. டெல்ஸ்டார் பக்கம் நிறங்களோடு வருகிறது. ஒரே ஒரு குறை: 9600இல் நீளமான உரை வரும்போது நடுவில் சில எழுத்துகள் காணாமல் போகின்றன. 1200இல் போவதில்லை. ஆர்டிஎஸ், சிடிஎஸ் கம்பிகள் இருக்கின்றன, பை பக்கம் ஹார்டுவேர் ஹேண்ட்ஷேக்கும் போட்டிருக்கிறேன்.

ஈயப்பற்று

பிபிசி தன் வரும் பஃபரில் 9 பைட் இடம் மிச்சமிருக்கும்போதுதான் ஆர்டிஎஸ்ஸை இறக்கும். 1981இல் அது போதும். இன்றைய யூஎஸ்பி சிப்புக்குள் தனியாக ஒரு வரிசை உண்டு. 'நிறுத்து' என்றபிறகும் உள்ளே இருப்பதில் கொஞ்சத்தைத் தள்ளிவிட்டுத்தான் நிற்கும். 9ஐத் தாண்டியது கீழே கொட்டிவிடும். *எஃப்எக்ஸ் 203,64 கொடுத்துப் பாருங்கள், 64 பைட் மிச்சமிருக்கும்போதே நிறுத்தச் சொல்லும்.

தூசுதட்டி

203 வேலை செய்தது, எழுத்து விடுபடுவது நின்றுவிட்டது. 19200க்கு ஏற்றலாமா?

6502ராசா

யூஎல்ஏ கணக்குப்படி வேகம் சரியாகவே வரும். 16 மெகாஹெர்ட்ஸை 13ஆல் வகுத்து, மறுபடி 64ஆல் வகுத்தால் 19230. பிழை கால் சதவீதம்கூட இல்லை. ஆனால் 19200க்கு உத்தரவாதம் இல்லை என்று பயனர் கையேட்டிலேயே போட்டிருக்கிறது. திரையில் எழுதிக்கொண்டே அந்த வேகத்தில் வாங்குவது பிராசசருக்குச் சுமை. 9600இலேயே இருங்கள். எக்ஸ்மோடம் என்ற கோப்பு அனுப்பும் முறையில் கோப்பு இறக்கப்போகிறீர்கள் என்றால் 8 பிட் கட்டாயம், வியூடேட்டாவிலிருந்து வந்தவுடன் 156,20,227 கொடுக்க மறக்காதீர்கள்.